ஷெர்ஷாவுக்கு ஒரே ஒரு வரியா?

முகலாயர் பற்றிய இந்தக் கட்டுரையில் அக்பருக்குப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, ஷெர்ஷாவை 'ஹுமாயூனைத் துரத்தியவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அக்பரின் அப்பாவான ஹுமாயூனிடமிருந்து ஆட்சியைப் பிடித்து இந்த ஆப்கானிய மனுஷன் ஆண்டது 1540 முதல் 1545 வரை, ஐந்தே வருஷம். நாம் தினமும் சொல்லும் 'ரூபாய்'க்கு மூலம் அவர் அடித்த வெள்ளி ருபியாதான், எடை சுமார் 11.5 கிராம். வங்காளத்திலிருந்து வடமேற்கே போகும் நெடுஞ்சாலையில் வழிநெடுகச் சத்திரங்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி ஏற்பாடு, தபால் குதிரைகளும் அங்கேயே நிற்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. ஊர் எல்லையில் வழிப்போக்கரிடம் களவு போய், திருடனும் சிக்காவிட்டால், அந்த ஊர்த் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டும். படைக் குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கும் வழக்கத்தையும் (இது முந்தைய டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி ஆரம்பித்தது) திரும்பக் கொண்டுவந்தார். நல்ல குதிரையைக் கணக்கில் காட்டிவிட்டு நொண்டிக் குதிரையில் வந்து நிற்கும் தில்லுமுல்லு அதோடு சரி.

அதற்காக உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ராய்சென் கோட்டையை ஆண்ட ராஜபுத்திரர் பூரன்மலுக்கு, பத்திரமாக வெளியேறலாம் என்று கொடுத்த வாக்கை மீறியதை என்னால் ஏற்க முடியாது. கலிஞ்சர் கோட்டை முற்றுகையில் சொந்தப் படையின் வெடிமருந்தே வெடித்து இறந்தார். பீகாரின் சசாரத்தில், குளத்து நடுவே சமாதி இருக்கிறது.