ஒரே கூடையில் ஏன்யா போடுறீங்க?

எங்கள் வீட்டில் யார் கடைக்குப் போய் வந்தாலும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில்தான் விழும். அதுவும் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையோடு! கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் அழுகி நாறும், கொசுறாகக் குட்டி ஈக்கள் வேறு. வெளிச்சம் பட்டுப் பச்சை பாய்ந்த கிழங்கில் சோலனைன் நஞ்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் பெரிதாகக் குறையாது என்று சொன்னால், "நாங்கல்லாம் சாப்பிட்டு வளரலையா?" என்று பதில் வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுவல் இனித்துக் கருகும். இதில் மாடுலர் கிச்சன்காரர்கள் கூத்து தனி. காற்றே புகாத டிராயரை இழுத்துக் காட்டி, "இது வெங்காயத்துக்கு சார்" என்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பே எரியாதா?