மியாமோட்டோ நடுவரை ஏமாற்றினாரா?

2004 ஆசியக் கோப்பை காலிறுதியில் ஜப்பான் தவறவிட்ட பெனால்டிகளை, கேப்டன் சுனெயாசு மியாமோட்டோ நடுவரிடம் பேசி ரத்து செய்யவைத்தார் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

சோங்சிங்கில் ஜோர்டானுடன் ஆட்டம் 1-1. வெற்றியை முடிவுசெய்யும் பெனால்டிகளில் ஜப்பானின் நகமுரா, அலெக்ஸ் இருவருக்கும் ஊன்றிய கால் வழுக்கி, பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. மியாமோட்டோ மலேசிய நடுவரிடம் போய் ஆங்கிலத்தில் முறையிட்டார். நடுவர் பெனால்டிகளை மறுமுனைக் கோலுக்கு மாற்றினார், அவ்வளவுதான். தவறிய இரண்டும் தவறியதாகவே கணக்கில் நின்றன. அப்புறம் கோல்காப்பாளர் காவாகுச்சியின் தடுப்புகளால் பெனால்டியில் 4-3 என மீண்டு வென்றது ஜப்பான். இறுதிப் போட்டியில் சீனாவை 3-1 என வென்று கோப்பையையும் எடுத்தது.

மாற்றியது சரியா என்று வாதாடலாம். ஏமாற்று என்பது அபாண்டம். தடுப்பாட்டக்காரராக ஓய்வுபெற்ற மியாமோட்டோ 2024இல் ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார்.