கிளட்ச் மிதிக்காமல் கியர் மாற்றினால் பொய்யா?

“ரேஸிங் சிமுலேட்டரில் கிளட்சைத் தொடாமலே கியர் விழுகிறது, நிஜ ரேஸ் காரில் அப்படிச் செய்தால் கியர்பாக்ஸ் அங்கேயே நொறுங்கிவிடும்” என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

நம் வீட்டுக் காரில் இருப்பது சின்க்ரோமெஷ் வகை கியர்பாக்ஸ். பித்தளைக் கூம்பு வளையம் ஒன்று உரசி உரசி இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கிய பிறகுதான் பல் உள்ளே போகும். அந்த நேரத்தில் இன்ஜின் விசை அதன்மேல் இருக்கக் கூடாது, அதற்குத்தான் கிளட்ச். பெரும்பாலான ரேஸ் கார்களில் இருக்கும் டாக் பாக்ஸ் என்ற கியர்பாக்ஸில் இந்த வளையமே கிடையாது. தடித்த சில பற்கள், நடுவே தாராளமான இடைவெளி. ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் தளர்த்தினால் பல்மேல் உள்ள அழுத்தம் விடும். லிவரைத் தள்ளினால் ‘டக்’ என்று விழும். தயங்கித் தயங்கித் தள்ளினால்தான் பல்லின் முனை தேயும். கியரைக் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சின்னதாக ஒரு தட்டு தட்டி இன்ஜின் வேகத்தை ஏற்ற வேண்டும். பைக்கிலும் இதே அமைப்புதான், கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குவிக்‌ஷிஃப்டர் வேலை செய்வதும் அதனால்தான்.

ஃபார்முலா ஒன்னில் 1989லேயே ஃபெராரி துடுப்பு கியருடன் (ஸ்டீயரிங்கின் பின்னால் விரலால் இழுக்கும் பேடில்) வந்து, பிரேசிலில் மான்செல் ஓட்டி முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. இன்றும் அங்கே ஓட்டுநர் கையால் கிளட்சைப் பிடிப்பது முக்கியமாகப் புறப்படும்போதுதான்.

சரி, சிமுலேட்டரில் குறையே இல்லையா? உண்டு. சாதாரண ரோடு காரை எடுத்துக்கொண்டு கிளட்ச் இல்லாமல் லிவரைத் தள்ளினால், நிஜத்தில் கையில் அதிரும் அந்தக் கரகரப்பு சிமுலேட்டரின் மலிவான ஷிஃப்டரில் (கியர் லிவரில்) வராது.