அந்த தலைப்பு கற்பனை இல்லங்க

"நாளைக்கு நாங்க குடும்பத்தோட கொல்லப்படுவோம்னு உங்களுக்கு தெரிவிச்சுக்கிறோம்" – பிலிப் கோரவிச் 1998ல எழுதின புக்கோட தலைப்பு இது. இது நாவல், தலைப்பு அவரே சோகத்துக்காக யோசிச்சதுன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்பு. அது ஆப்பிரிக்க நாடான ருவாண்டால நடந்த இனப்படுகொலை பத்தி ஒரு பத்திரிகையாளர் நேர்ல போய் ஆளுங்கள பாத்து பேசி எழுதினது, தலைப்பு ஒரு நிஜ லெட்டர்ல இருந்து எடுத்தது.

1994 ஏப்ரல், முகோனெரோங்கற ஊர்ல ஒரு சர்ச்சும் ஆஸ்பத்திரியும் இருக்கற வளாகத்துல ஆயிரக்கணக்கான டுட்ஸி மக்கள் (அந்த இனப்படுகொலையில குறிவைக்கப்பட்ட சிறுபான்மை இனம்) ஒளிஞ்சிருந்தாங்க, அதுல ஏழு பாஸ்டருங்க சேர்ந்து அவங்க சபைத் தலைவர் எலிசாஃபான் நிடாகிருடிமானாவுக்கு லெட்டர் எழுதுறாங்க. நாளைக்கு சாகப்போறவங்க, "எப்படி இருக்கீங்க"ன்னு நலம் விசாரிச்சுட்டு, மேயர்கிட்ட எங்களுக்காக பேசுங்கன்னு கேக்குறாங்க. எனக்கு அந்த ஒரு வரிய தாண்டி படிக்கவே முடியல. மறுநாள், ஏப்ரல் 16, தாக்குதல் நடந்துடுச்சு.

அந்த லெட்டர் காப்பிய கோரவிச் கையில குடுத்ததே அந்த தலைவர்தான், அமெரிக்காவுல டெக்சாஸ்ல வச்சு. அந்த இனப்படுகொலையில பங்கு இருந்ததுக்காக 2003ல சர்வதேச கோர்ட் அந்த தலைவருக்கு 10 வருஷம், டாக்டரா இருந்த மகனுக்கு 25 வருஷம் தண்டனை குடுத்துச்சு. சுமார் 100 நாள்ல எட்டு லட்சம் பேர் வரைக்கும் செத்த விஷயங்க இது, தயவுசெஞ்சு கதைன்னு ஷேர் பண்ணாதீங்க, அனுப்பினவங்களுக்கும் இத அனுப்புங்க.