நூறடிக்கு மொட்டையடிக்க வேண்டாம், புல்லுக்குத் தீ வைக்கவும் வேண்டாம்

போடி, குரங்கணி, மூணாறு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "காட்டுத்தீக்குத் தப்பிக்க, வீட்டைச் சுற்றி 100 அடிக்கு எல்லா மரத்தையும் வெட்டுங்கள். காய்ந்த புல்லை நீங்களே கொளுத்திவிடுங்கள். கலிபோர்னியாவில் இதுதான் சட்டம்."

இது தவறு. அங்கே 100 அடி என்ற அளவு உண்மைதான். ஆனால் காய்ந்ததை அகற்றவும், தாழ்ந்த கிளைகளைக் கழிக்கவும், மரங்களுக்கு நடுவே இடைவெளி விடவும்தான் சொல்கிறார்கள். அந்த மாநிலத் தீயணைப்புத் துறையான கால்ஃபயரின் இணையதளத்தில் பார்க்கலாம்.

காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் காற்றில் பறந்து வரும் தீப்பொறியால்தான் பற்றுகின்றன. ஓட்டு இடுக்கில் அடைந்த சில்வர் ஓக் சருகு, சுவரோரம் அடுக்கிய விறகு, இதெல்லாம் சட்டென்று பிடிக்கும். அதனால் சுவரை ஒட்டிய முதல் 5 அடியிலிருந்து சுத்தம் செய்யுங்கள். நம் சரிவுகளில் மரத்தை வேரோடு எடுத்தால், அப்புறம் மழையில் மண் நிற்காது.

புல்லைக் கொளுத்துவது அதைவிட ஆபத்து. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ எப்படிச் சூழ்ந்தது என்பதை நாம் மறக்க முடியாது. காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் குற்றம். சந்தேகம் இருந்தால் ரேஞ்சர் ஆபீஸிலோ தீயணைப்பு நிலையத்திலோ கேளுங்கள்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குரூப்பில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.