பதில் வராததற்குத் திறமைக்குறைவே காரணமா?
வேலைக்கு விண்ணப்பித்து, காரணம் சொல்லாமல் நிராகரிக்கப்படுபவர் தம் திறமையைத்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இணையவழி மொழிபெயர்ப்பு வேலைகளுக்கு ஏழு மாதங்கள் விண்ணப்பித்த நான், ஒரு வரி விளக்கமும் கிடைக்காததால், என் ஆங்கிலமே குறையுடையது என்று நம்பி மனமுடைந்திருந்தேன். பின்னர் ஒரேயொரு வாடிக்கையாளர், என் மொழிபெயர்ப்பு மாதிரி நன்றாக இருந்தும், அது வந்து சேருமுன்பே ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக எழுதினார். நியூயோர்க்கில் காலை 9 மணிக்கு வெளியாகும் வேலை அறிவிப்பு, அங்கு கோடையானால் நமக்கு மாலை 6.30க்கும் குளிர்காலமானால் 7.30க்கும் வருகிறது, மழை நாட்களில் நாங்கள் வசிக்கும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னல் கிடைக்காததால் நான் அதை மறுநாள் காலையில்தான் பார்த்திருக்கிறேன். டவுனிலுள்ள அக்கா வீட்டிலிருந்து மாலையிலேயே அனுப்பத் தொடங்கிய பிறகு, அதே மொழிபெயர்ப்பு மாதிரிக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. அந்த ஒரு வரியை முதல் மாதமே யாராவது எழுதியிருந்தால், அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தை இன்னொரு ஆங்கில வகுப்புக்குக் கட்டியிருக்க மாட்டேன்.