சிவன்மலைப் பெட்டியில பொருள் மாறுனா பயப்படோணுமா?

ஏனுங்க, சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில பொருள் மாறுனதும் உங்க செய்தியில 'நாட்டுக்கு என்ன ஆகப்போகுதோ'ன்னு தலைப்பு போட்டிருக்கீங்க, படிச்சதும் மனசுக்கு கஷ்டமா போச்சுங்க. நாங்க காங்கேயம் பக்கந்தான். யாராவது ஒரு பக்தர் கனவுல முருகன் ஒரு பொருளைச் சொல்லுவாரு, அவரு கோயில்ல வந்து சொன்னா சாமிகிட்ட பூப்போட்டு கேட்டு, உத்தரவு கெடைச்சா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்க, அடுத்த ஆள் கனவுல வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கும், நாள் கணக்கெல்லாம் கெடையாது. தண்ணி வெச்சாங்க 2004ல சுனாமி வந்துச்சுன்னு ஒவ்வொரு தடவையும் அதையே எழுதுறீங்க. எங்க அம்முச்சி நியூஸ் பார்த்துட்டு மலைக்கு போறவங்க இல்லீங்க. மண்ணு இருந்தாலும் மஞ்சள் இருந்தாலும் அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு கண்ணை மூடி பேரப்புள்ளைங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லித்தான் கும்புடுவாங்க, என்ன பொருள்னு பல தடவை பாக்கறது கூட இல்ல. நானும் அப்படித்தான், டிவில என்ன சொன்னாலும் எனக்கும் முருகனுக்கும் உள்ளது அதால கூடறதும் இல்ல கொறையறதும் இல்ல. ஆனா புதுசா படிக்கற புள்ளைங்களுக்கு சாமின்னாலே பயம்ங்கற மாதிரி போயிருது பாருங்க, அதுதான் வருத்தம். தைப்பூசத் தேருக்கு காவடி தூக்கி வெறுங்காலோட நடந்து வர்ற சனத்தைப் பத்தியும் ஒருக்கா எழுதுங்க, அவங்ககிட்ட உக்காந்து பேசிட்டு எழுதுங்க.